மூலஸ்தானத்துக்கு ஒரு வரித் திருத்தம்

அசரியா வேலையில் சேர்ந்த அன்று காலை, கம்பெனி வாசலிலேயே அவன் தலையில் அடி விழுந்தது.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது வஜ்ரகபாட ஆட்டோமேஷன் நிறுவனம். முன்னால் ஒரு கார் நுழைய, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அசரியாவும் பைக்கை விட்டான். காருக்காக மேலே ஏறி நின்ற சிவப்பு வெள்ளைக் கட்டை, கார் போன மறுகணம் அவன் உச்சந்தலையில் இறங்கியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. பைக் ஒரு பக்கம் போய் விழ, அவன் இன்னொரு பக்கம் போய் விழுந்தான்.

பாதுகாப்பு அதிகாரி தனசிங் நிதானமாக நடந்து வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். இதற்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு விடுதியில், குடித்துவிட்டு மேஜை மேல் ஏறுகிறவர்களைத் தூக்கி வெளியே போடும் பணியில் இருந்தவர்.

“புதுசா சார்? எந்திரிங்க, ஒண்ணும் ஆவல. ஹெல்மெட்டு ஒடஞ்சா மண்ட தப்பிச்சுதுன்னு அர்த்தம். அந்தக் கட்ட அப்டித்தான் சார், காரு பூந்தா பின்னாலயே எறங்கும். நாங்கல்லாம் குனிஞ்சிகினு ஓடிருவோம்.”

“ரிப்பேர் பண்ணக் கூடாதா?”

“இன்னா சார் இப்டி கேட்டுட்ட? இது நம்ம கம்பெனி செஞ்ச கேட்டு சார்!” என்றார் தனசிங். குரலில் பெருமை இருந்தது.

உண்மைதான். பல்லாவரம் தொடங்கி பெருங்களத்தூர் வரை அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று எந்த வாசலில் பார்த்தாலும் குறுக்கே ஏறி இறங்குவது வஜ்ரகபாடத்தின் கட்டைதான். அசரியா வாடகைக்கு இருக்கும் கோவிலம்பாக்கம் குடியிருப்பிலும் ஒன்று இருந்தது. அந்தக் கட்டைகளை இயக்கும் புரோகிராமைச் சீர்செய்வதற்காகத்தான் அவனை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

நெற்றியில் பிளாஸ்டரோடு அவன் நிறுத்தப்பட்ட இடம், மாடியில் ஓர் இரும்புக் கம்பிக் கதவின் முன்னால். கதவுக்குப் பின்னால் குளிரூட்டிய அறை. அறைக்குள் ஒரே ஒரு கணினி, அதற்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தில் மூலஸ்தான அதிகாரி ஸ்ரீநிவாசராகவன். அவர் கழுத்தில் தாலி மாதிரி ஒரு பென்டிரைவ் தொங்கியது. அதில் இருந்த முத்திரை இல்லாமல் எந்தக் கேட்டும் புதிய புரோகிராமை ஏற்காது.

“நம்ம புரோகிராம் மொத்தமும் இந்த ஒரு மெஷின்ல இருக்கு. இதுக்குப் பேர் மூலஸ்தானம்” என்று ஆரம்பித்தார். “வெளியில ஒரு வியாதி பரவிட்டிருக்கு, தெரியுமோ? கிட்னு பேர். அதுல என்ன பண்றான்? மொத்த புரோகிராமையும், ஆதியிலேருந்து யார் எதை மாத்தினாங்கற சரித்திரத்தோட சேர்த்து, ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கறான். அவனவன் லேப்டாப்புல அவனவன் திருத்தறான். அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துக்கறானாம். அப்போ அதிகாரின்னு ஒருத்தர் எதுக்கு?”

எதற்கு என்று அசரியாவுக்கும் தெரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினான்.

“இங்க அதெல்லாம் கிடையாது. ஒரு ஃபைலைத் திருத்தணும்னா முதல்ல அதுக்குப் பூட்டுப் போடணும். போட்டவன் திறக்கற வரைக்கும் வேற யாரும் தொட முடியாது. தினம் நாலு மணிக்கு இந்தக் கதவு திறக்கும், அஞ்சு மணிக்கு மூடும். வரிசையில வந்து இந்த ஒரே கீபோர்டுல திருத்தத்தை ஏத்தலாம். நான் பொறுப்பேத்ததிலேருந்து ஒரு பிழைகூட உள்ள நுழைஞ்சதில்ல.”

“திருத்தம் சார்?”

“ஒண்ணு ரெண்டு நுழைஞ்சிடுத்து” என்றார் ஸ்ரீநிவாசராகவன் வருத்தத்தோடு. “சம்பந்தப்பட்டவா மேல நடவடிக்கை எடுத்தாச்சு.”

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அசரியா கோளாறைக் கண்டுபிடித்துவிட்டான். கார் கடந்ததும் கட்டையை இறக்கு என்று எழுதியிருந்தார்கள். இறக்குவதற்கு முன், கீழே யாராவது இருக்கிறார்களா என்று இன்னொரு முறை பார் என்று எழுதவில்லை. ஒரே ஒரு வரி. இதைத்தான் இத்தனை நாள் யாரும் செய்யவில்லையா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. நான்கு மணிக்குத் திருத்தத்தோடு வரிசையில் நின்றான்.

அவனுக்கு முன்னால் நின்ற கிரீஷ் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். ஷ்யாம்சுந்தர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினான். எதற்கு என்று அசரியா கேட்க வாயெடுத்தபோது கதவு திறந்தது.

முதலில் கிரீஷ் ஷ்யாம்சுந்தரின் காதைக் கடித்தான். ஷ்யாம்சுந்தர் கிரீஷின் தலைமுடியைப் பிடித்துக் கம்பியில் மோதினான். முன்னால் ஏற்றுகிறவனின் திருத்தம் நிலைக்கும். அவனுக்குப் பிந்தியவன் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பல மாத வேலை போய்விடும். அதனால் அங்கே யாரும் யாரையும் முன்னால் விடுவதில்லை. நாற்காலிகள் பறந்தன. ஸ்நேகா என்ற மெலிந்த பெண் டிபன் கேரியரைச் சுழற்றிக்கொண்டு முன்னேறியதில் ஒருவனின் மூக்கு உடைந்து சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது. ஸ்ரீநிவாசராகவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “வரிசை கலையாம அடிச்சுக்கோங்கோ!” என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

யாரோ தள்ளிய வேகத்தில் அசரியா கீபோர்டின் மேல் போய் விழுந்தான். கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு தன் வரியை ஏற்றினான். திரையில் பதில் வந்தது: ‘இந்த ஃபைல் மோகன்ராஜால் பூட்டப்பட்டுள்ளது.’

அன்று மாலையே நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. கைகலப்புக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து டிபன் கேரியர் கொண்டுவரக் கூடாது, நிறுவனம் வழங்கும் டிபன் கேரியரையே பயன்படுத்த வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

உதட்டுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து, அசரியாவைச் சந்து முனையில் இருந்த டீக்கடைக்கு அழைத்துப்போனவன் அயூப். பக்கத்து இருக்கைக்காரன், பல்லாவரத்துப் பையன், அந்த அலுவலகத்திலேயே முகத்தில் தழும்பில்லாத ஒரே ஆள்.

“நீ எப்படி அடிபடாம இருக்க?” என்றான் அசரியா.

“மச்சான், நான் வரிசைக்கே போறதில்ல. யாரும் உண்மையில அங்க வேலை செய்யறதில்லடா. எல்லாரும் திருட்டுத்தனமா கிட் வச்சிருக்கோம். மூலஸ்தானத்துல இருக்கிற மொத்தத்தையும், சரித்திரத்தோட, லேப்டாப்புக்கு இழுத்துக்கலாம். நம்ம லேப்டாப்புல நிம்மதியா திருத்தி, இந்த டீக்கடையில உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்குவோம். என்னிக்காவது மேல ஏத்த வழி கிடைச்சா, முறைப்படி அங்கயே உக்காந்து செஞ்ச மாதிரி அதுவே ஒண்ணொண்ணா ஏத்திடும். ராகவன் சாருக்கு வித்தியாசமே தெரியாது.”

“அப்போ எதுக்குடா நாலு மணிக்கு அடிச்சிக்கிறாங்க?”

“வரிசையில ஆள் இல்லைன்னா சந்தேகம் வரும்ல?” என்றான் அயூப்.

அசரியாவின் லேப்டாப்பிலும் அன்றே முழுப் பிரதி இறங்கியது. திருத்தத்தைச் செய்து, சோதித்தும் பார்த்தாகிவிட்டது. ஆனால் தலைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது மூலஸ்தானத்துக்குள் போக வேண்டும். அங்கேதான் மோகன்ராஜின் பூட்டு தொங்கியது.

அசரியாவின் மனைவி ஜென்சி குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். தினமும் கை முழுக்க டெட்டால் வாசனையோடு வருவாள்.

“இன்னைக்கு ஒரு கல்யாண மாப்பிள்ளைங்க. மண்டபத்து வாசல்ல உங்க கட்டை விழுந்து, மாலையெல்லாம் ரத்தம். தையல் போட்டுத்தான் தாலி கட்ட அனுப்பினோம். நேத்து ஒரு மீன்காரம்மா, தாடை போயிடுச்சு. ஒரு வரிதான்னு சொன்னீங்களே, அதை எழுத எத்தனை நாள் ஆகும்?”

“எழுதிட்டேன் ஜென்சி. உள்ள விட மாட்டேங்கறாங்க.”

“எழுதினதை உள்ள விடாம அப்படி என்னத்தைங்க காவல் காக்கறாங்க?”

மூலஸ்தானத்தைப் பற்றி ஜென்சியிடம் விளக்கிச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக்கு ஸ்கூட்டரில் கிளம்பிய அயூப்பின் தங்கை ஜஹீரா, தங்கள் குடியிருப்பு வாசலைத் தாண்டவில்லை. கட்டை தோளில் இறங்கி காறை எலும்பு முறிந்தது. ஜென்சிதான் கட்டுப்போட்டாள். வலியில் ஜஹீரா கத்திய கத்தலை வெளியே நின்று கேட்ட அயூப், திரும்பி அசரியாவைப் பார்த்தான்.

“அந்த மோகன்ராஜ் எங்க இருக்கான்?”

மோகன்ராஜ் நீண்ட மருத்துவ விடுப்பில் படப்பையில் இருந்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலையில் பெரிய கட்டோடு கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான். வந்தவர்களை அன்பாகத்தான் வரவேற்றான். பூட்டு என்ற வார்த்தை அசரியாவின் வாயிலிருந்து வந்ததும் எழுந்து உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது.

முதல் வீச்சு அயூப்பின் முழங்காலில் விழுந்தது. அடுத்தது அசரியாவின் வாயில். ஒரு முன்பல் தெறித்துக் கொய்யாத் தட்டில் போய் விழுந்தது.

“பூட்ட எடுக்கணுமா? பூட்ட எடுத்தா நாளைக்கே என்ன தூக்கிருவானுங்க! அந்த ஃபைலு என் கையில கீற வரைக்கும் ஒருத்தனும் என்ன அசைக்க முடியாது. மூணு வருசமா அதான் என் பொழப்பு!”

“டேய், உன் மண்டைய உடைச்சதே அந்தக் கட்டைதானேடா!” என்று தரையில் கிடந்தபடி கத்தினான் அயூப்.

“ஆமா. அதாலதான் லீவு கெடச்சிது. அதையும் கெடுக்க வந்தீங்களா?”

மட்டை மறுபடி உயர்ந்தது. அயூப் அவன் காலைப் பிடித்து இழுத்துச் சாய்த்தான். மூவரும் தெருவில் புரண்டார்கள். அசரியா வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. அன்று மோகன்ராஜின் மார்பில் ஏறி உட்கார்ந்து, கை வலிக்கும்வரை குத்தினான். குத்தக் குத்த மோகன்ராஜ், “முடியாது... முடியாது...” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அழுதான். அழுதுகொண்டே, “ராகவன் சார் நெனச்சா அவரே ஒடைக்கலாம். என்னை வுட்டுருங்க” என்றான். அசரியாவுக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

வாயில் பஞ்சோடு மறுநாள் ஸ்ரீநிவாசராகவன் முன்னால் நின்றான். திருத்தத்தை எழுதி, சோதித்தும் பார்த்தாகிவிட்டது, மோகன்ராஜின் பூட்டை உடைத்தால் போதும் என்றான்.

“உடைக்கலாமே” என்றார் அவர் உற்சாகமாக. “அதுக்குன்னே எனக்கு அதிகாரம் இருக்கு. நீங்க ஒரு கோரிக்கையை மூலஸ்தானத்துல ஏத்தணும். அவ்வளவுதான்.”

“இப்பவே ஏத்தறேன் சார்.”

“ஏத்த முடியாது. கோரிக்கைகள் போற ஃபைலையும் மோகன்ராஜ்தான் பூட்டியிருக்கார்.”

“அப்போ என்ன சார் செய்யறது? தினம் ஜனங்க மண்டை உடையுது!”

“மிஸ்டர் அசரியா, மண்டை உடையறது ஒரு தனிப்பட்ட சம்பவம். மூலஸ்தானம் ஒரு முறை. ஒரு முறையைத் தனிப்பட்ட சம்பவத்துக்காக மாத்தினா, நாளைக்கு இன்னொருத்தன் கால் உடைஞ்சு வருவான்.” அவர் சட்டென்று நிறுத்தினார். “இருக்கட்டும். ஃபைல் பூட்டியிருக்கறச்சே, திருத்தி சோதிச்சுப் பார்த்துட்டேன்னு சொன்னீங்களே. எங்க சோதிச்சீங்க?”

அசரியா விழித்தான். அந்த விழிப்பே போதுமாக இருந்தது.

அவன் லேப்டாப் அப்போது அலுவலகத்தில் இல்லை. படப்பையிலிருந்து திரும்பும்போது ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டப் போனவன், அதை ஜென்சியின் லாக்கரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். ஆனால் மற்றவர்களுடையவை எல்லாம் மேஜைகளில் இருந்தன. ஒலிபெருக்கி அலறியது. தனசிங்கும் அவர் ஆட்களும் சம்மட்டிகளோடு மாடி ஏறினார்கள்.

“இது போர்!” என்று நாற்காலி மேல் ஏறி நின்று முழங்கினார் ஸ்ரீநிவாசராகவன். “தனசிங்! எந்த மெஷின்ல நம்ம புரோகிராம் முழுசா, சரித்திரத்தோட இருக்கோ, அதை உடைச்சுடுங்கோ! யாருதுன்னு பார்க்க வேண்டாம்! என்கிட்ட திரும்பவும் கேட்க வேண்டாம்!”

கிரீஷின் லேப்டாப் முதல் அடியிலேயே நொறுங்கியது. தடுக்க வந்த கிரீஷின் மணிக்கட்டும் நொறுங்கியது. ஸ்நேகா தன்னுடையதை மார்போடு அணைத்துக்கொண்டு மேஜைக்கடியில் நுழைந்தாள். காலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் ஒருவனின் கட்டைவிரலைக் கடித்துத் துப்பினாள். அயூப்பின் லேப்டாப் ஜன்னல் வழியாகப் போயிற்று. கண்ணாடித் துண்டும் ரத்தமுமாகத் தரை வழுக்கியது. தனசிங்கின் ஆள் ஒருவன் ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்த்து, “இதுல கீது... இதுலயும் கீது...” என்று சொல்லச் சொல்ல, தனசிங் சம்மட்டியை இறக்கிக்கொண்டே போனார்.

அறை முடிந்தது. தனசிங் வியர்வையைத் துடைத்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் சந்தனம் குங்குமத்தோடு ஒரு கணினி இருந்தது. ஆள் உள்ளே போய்த் திறந்து பார்த்தான்.

“அண்ணே, இதுல முழுசா கீதுண்ணே. சரித்திரம்கூட கீது.”

தனசிங் ஒரு கணம் யோசித்தார். யாருடையது என்று பார்க்க வேண்டாம், திரும்பவும் கேட்க வேண்டாம் என்பது உத்தரவு. உத்தரவை மீறி அவருக்குப் பழக்கமில்லை. சம்மட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். ஸ்ரீநிவாசராகவன் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடி வருவதற்குள் மூன்று அடி விழுந்திருந்தது. பாதுகாப்பு கருதி, அவசரத்துக்கென்று எடுத்து வைத்திருந்த மாற்றுப் பிரதியும் அதே கணினியின் தலைமேலேயே வைக்கப்பட்டிருந்தது. அதற்குத் தனியாக ஓர் அடிகூடத் தேவைப்படவில்லை.

கீழே வாசலில் டமாரென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல் கேட்டது.

ஊரில் உள்ள ஒவ்வொரு கேட்டும் நிமிடத்துக்கொரு முறை மூலஸ்தானத்திடம் உத்தரவு கேட்கும். பதில் வராவிட்டால் இறங்கு, ஏறு, மறுபடி கேள் என்று எழுதியிருந்தது. இப்போது பதில் சொல்ல மூலஸ்தானம் இல்லை. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை எல்லா வாசல்களிலும் கட்டைகள் அம்மி கொத்துகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. பள்ளி வேன் ஒன்றின் கூரை நசுங்கி, உள்ளிருந்த பிள்ளைகள் அலறினார்கள். சேலையூரில் ஒரு குடியிருப்பின் செயலாளர் கட்டையைக் கையால் பிடித்து நிறுத்தப் போய், அதோடு சேர்ந்து மேலே போய், கீழே வந்தார். வெளியே ஓடிய ஸ்ரீநிவாசராகவனைச் சொந்தக் கட்டையே முதுகில் அடித்துப் படுக்கவைத்தது.

“யார்கிட்டயாவது... ஒரே ஒரு காப்பி...” என்று மண்ணில் கிடந்தபடி கேட்டார்.

“என்கிட்ட இருக்கு சார்” என்றான் அசரியா. “சரித்திரத்தோட.”

அயூப் கம்பெனிக் காரை எடுத்தான். தனசிங் அதிகாரியைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார். ஜி.எஸ்.டி. சாலை நெடுக ஜனங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரி வாசல் கட்டை காரின் முன்கண்ணாடியைத் தகர்த்தது. காயம்பட்டவர்கள் தரையெல்லாம் கிடக்க, ஜென்சி லாக்கரைத் திறந்து லேப்டாப்பை நீட்டினாள். நர்ஸ்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து அசரியா அதையே மூலஸ்தானமாக மாற்றினான். ஸ்ரீநிவாசராகவன் கழுத்துப் பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். முத்திரை விழுந்தது. ஒரு வரித் திருத்தமும் கூடவே போயிற்று.

வாசலில் மேலே போன கட்டை அப்படியே நின்றது. கீழே ஒரு ஆம்புலன்ஸும், அதை ஒட்டி ஒரு ஸ்கூட்டரும் நுழைந்தன. இரண்டும் கடந்த பிறகு, கீழே யாரும் இல்லையென்று பார்த்து, மெதுவாக இறங்கியது. ஜென்சி அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அசரியாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, அடுத்த தையலுக்குப் போனாள்.

மறுநாள் அந்த லேப்டாப்புக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, புதுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் பிரதிஷ்டை செய்தார்கள். இடுப்பில் பெல்ட்டோடு ஸ்ரீநிவாசராகவன் அசரியாவை வரவழைத்தார்.

“உங்க சேவையை நிர்வாகம் பாராட்டறது. இப்போ பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ. அந்தத் திருத்தத்தை எடுக்கணும்.”

“எதுக்கு சார் எடுக்கணும்?”

“பூட்டு மோகன்ராஜ் பேர்ல இருக்கறச்சே நீங்க செஞ்ச திருத்தம் அது. செல்லாது. எடுத்துட்டு, முறைப்படி வரிசையில வந்து...”

“எடுத்தா கட்டை மறுபடி தலையில விழும் சார்.”

“விழட்டும். ஆனா முறைப்படி விழும்.”

அசரியாவுக்கு ஜஹீராவின் கத்தல் ஞாபகம் வந்தது. தன் வாயில் பல் இருந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தான்.

“சொல்ல முடியாது” என்றான்.

ஸ்ரீநிவாசராகவன் தனசிங்கைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இதையெல்லாம் தான் பார்ப்பது முறையில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மன்னிச்சிக்கோ சார், ஆர்டர் கீது” என்றார் தனசிங். முதல் குத்து விலாவில். இரண்டாவது வயிற்றில். ஒவ்வொரு குத்துக்கு முன்னும், “சொல்லிரு சார், எனுக்கும் கஷ்டமா கீது” என்று கெஞ்சினார். அசரியா சொல்லவில்லை. தன் லேப்டாப் மாலையோடு உட்கார்ந்திருப்பதைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே அடிவாங்கினான். கடைசியில் தனசிங் அவன் தலையைப் பிடித்துப் புதுக் கம்பிக் கதவில் மோதினார். கதவு நல்ல கனமான இரும்பு.

கண் திறந்தபோது ஜென்சி நெற்றியில் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“காலையிலேருந்து கட்டை அடிச்சு ஒருத்தர்கூட வரலைங்க” என்றாள். “டாக்டர் உக்காந்து பேப்பர் படிக்கிறார். நீங்கதான் இன்னைக்கு முதல் தையல்.”

பக்கத்தில் முழங்கால் கட்டோடு அயூப். “மச்சான், பாஸ்வேர்டைச் சொல்லிட்டியா?”

அசரியா யோசித்தான். எழுத்து எதுவும் நினைவுக்கு வரவில்லை. தலைக்குள் வெறும் ரீங்காரம்தான் கேட்டது. “இல்லடா. மறந்துபோச்சு. நிஜமாவே மறந்துபோச்சு.”

அயூப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கச் சிரிக்க முழங்கால் வலித்து, “யா அல்லாஹ்” என்று முனகினான்.

ஒரு வாரம் கழித்து, பொன்னாடையும் ஒரு பை ஆப்பிளுமாக ஸ்ரீநிவாசராகவன் வார்டுக்குள் வந்தார். இளைத்திருந்தார். பொன்னாடையைப் படுக்கையில் கிடந்தவன் மேல் போர்த்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு விதத்துல பார்த்தா இப்பத்தான் மூலஸ்தானம் முழுப் பாதுகாப்பா இருக்கு. எவனும் ஒரு எழுத்தைத் தொட முடியாது. இதுதான் என் வாழ்நாள் கனவு” என்றார். பிறகு குரல் உடைந்தது. “ஆனா என்னாலயும் தொட முடியலையே, மிஸ்டர் அசரியா! காலையில போய் அந்தக் கதவுக்கு முன்னாடி உட்கார்றேன், சாயந்தரம் எழுந்து வரேன். அதிகாரின்னு ஒருத்தர் எதுக்குன்னு நேத்து அந்த ஸ்நேகா என் முகத்துக்கு நேரா கேக்கறா. என்ன பண்ணுவேளோ, எப்படியாவது ஞாபகப்படுத்திக்கோங்கோ. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. என்னைப் பாருங்கோ!”

அசரியா அவரைப் பார்த்தான். அந்த நொடியில் பாஸ்வேர்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, பளிச்சென்று ஞாபகம் வந்தது.

“சார்,” என்றான் பணிவாக, “நீங்க யாரு?”